ஆட்டோவுக்கு மீட்டர் போடுங்கய்யா!

டிஸ்கி: தலைப்பைப் பாத்துட்டு சென்னை ஆட்டோக்காரங்கள நாலு சாத்து சாத்தப் போறேன்னு ஆசையா உள்ள வந்தவங்க மன்னிக்கவும். அதுக்கு ஏற்கெனவே ஆயிரம் பதிவு இருக்கு. இது வீடியோ ஆப்ல 'குவாலிட்டி'ன்னு ஒரு மெனு இருக்குமே, அதுல முதல் ஆளா உக்காந்திருக்குற 'ஆட்டோ' பத்தின பதிவு. பொட்டி தட்டுற மக்களுக்காக எழுதினது. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம், கோடு ஒரு வரி கூட கிடையாது.

நம்ம தொழில்ல ஒரு கருத்து ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு. "செட்டிங்ஸ்னு ஒண்ணு வச்சாலே டிசைனர் தோத்துட்டான்னு அர்த்தம். யூசருக்கு 480பி-ன்னா என்ன, 720பி-ன்னா என்னன்னு தெரியாது. நாமளே பாத்து நல்லதா குடுத்துடணும். ஆட்டோ போதும்." கேக்குறதுக்கு ரொம்ப ஞானமா இருக்கும். மீட்டிங்ல இதச் சொன்னா நாலு பேர் தலையாட்டுவாங்க. போன மாசம் நண்பர் ஒருத்தரும் இதையே தன் பதிவுல எழுதி, பின்னூட்டத்துல ஆளாளுக்கு 'ரிப்பீட்டேய்' போட்டிருந்தாங்க. நான் அங்கயே பதில் எழுத ஆரம்பிச்சேன், அது பதிவை விட நீளமாப் போச்சு. அதனால இங்க தனிக்கடை.

என் கட்சி இதுதான். யூசர் வீடியோ குவாலிட்டிய மாத்துறான்னா அவன் படத்தோட தெளிவைப் பத்தி மட்டும் பேசல, பல நேரம் தன் காசைப் பத்திப் பேசுறான். அது ஒரு உத்தரவு. அத மறக்குற, மீறுற, 'பரிசீலிக்கிறோம்'னு ஓரமா வைக்கிற கோடு எதுவா இருந்தாலும் அது தப்பான கோடு.

முதல்ல ஆட்டோ என்ன பண்ணுதுன்னு பாத்துடுவோம். தெரிஞ்சவங்க இந்தப் பத்தியத் தாண்டிடுங்க. 2009-ல ஆப்பிள் எச்எல்எஸ் கொண்டு வந்துச்சு. 2012-ல டேஷ்னு ஒரு பொதுத் தரமும் வந்துச்சு. ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான். ஒரே வீடியோவ அஞ்சாறு அளவுல பிழிஞ்சு வச்சுக்கறது, ஒவ்வொண்ணையும் சில விநாடி நீளத்துக்குத் துண்டு துண்டா வெட்டிக்கறது, என்னென்ன அளவு இருக்குன்னு மேல ஒரு பட்டியல் ஒட்டிடறது. பிளேயர் ஒரு துண்டை இறக்குது, எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு அளந்து பாக்குது, வேகம் இருந்தா அடுத்த துண்டைப் பெரிய அளவுல கேக்குது, இல்லைன்னா சின்ன அளவுக்கு இறங்குது. அருமையான ஐடியா, அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சுத்திக்கிட்டே இருந்த அந்த வட்டத்துல இருந்து நம்மள மீட்டது இதுதான்.

ஆனா அது அளக்குறது என்னத்த? குழாயோட அகலத்த. தொட்டில எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. லாரித் தண்ணில குடித்தனம் நடத்துற வீட்டுக்கு வந்து, "அட, குழாய் நல்லாத்தான் வருது, ஃபுல்லா திறந்து விடுங்க"ன்னு சொல்ற விருந்தாளி மாதிரிதான் ஆட்டோ. நெட்வொர்க் வேகமாக வேகமாக அது இன்னும் அள்ளி அள்ளிக் குடிக்கும். 5ஜி வந்ததும் டேட்டா சீக்கிரம் தீருதேன்னு புலம்புறவங்களுக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

கொஞ்சம் கணக்கு. ஒரு எம்பிபிஎஸ் வேகத்துல ஒரு மணி நேரம் வீடியோ ஓடுச்சுன்னா 450 எம்பி. மனசுல வச்சுக்க வேண்டிய நம்பர் இது ஒண்ணுதான். ஆப்பிள் எச்எல்எஸ்-க்குப் பரிந்துரைக்கிற அளவுகள்ல 720பி-க்கு 3 எம்பிபிஎஸ், 360பி-க்கு 365 கேபிபிஎஸ். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 1350 எம்பி எதிர் 164 எம்பி. ஆடியோ தனி. நம்ம ஊர்ல பாதிப் பேர் ஓட்டிட்டு இருக்குறது ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக். 720பி-ல ஒரு மணி ஆறு நிமிஷத்துல காலி. 360பி-ல ஒன்பது மணி நேரம் ஓடும். எட்டு மடங்கு வித்தியாசம்! இத 'யூசருக்குப் புரியாத டெக்னிக்கல் விஷயம்'னு சொல்றவங்களப் பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வருது. யூசருக்கு 480பி புரியலன்னா என்ன, டேட்டா தீந்துடுச்சுன்னு வர்ற மெசேஜ் நல்லாவே புரியும்.

எங்க சித்தி பொண்ணு அருப்புக்கோட்டைப் பக்கம் இருக்கா. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறா. கிளாஸ் எல்லாம் ஒரு ஆப்ல தான். எந்த ஆப்னு சொல்லப் போறதில்ல, இந்த விஷயத்துல எல்லாரும் ஒரே குட்டைல ஊறுன மட்டைதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப போனைத் தூக்கிட்டு வந்தா.

"அண்ணே, நான் 360-ல தாண்ணே வச்சேன். போர்டு அதுலயே நல்லாத் தெரியுது. மறுநாள் தொறந்தா அதுவா ஆட்டோக்குப் போயிருது. ரெண்டாவது கிளாஸ் பாதில இருக்கும்போதே டேட்டா தீந்துருச்சுன்னு மெசேஜ் வந்துருது. நான் எதையும் தப்பா அமுக்கிட்டேனாண்ணே?"

ஒரு கிளாஸ் முக்கால் மணி நேரம். மேல இருக்குற கணக்கப் போட்டுப் பாருங்க, 720பி-ல சரியா ரெண்டாவது கிளாஸ் பாதில தான் வந்து நிக்கும். 360பி-ல பன்னண்டு கிளாஸ் பாக்கலாம். அவ எதையும் தப்பா அமுக்கல. அவ சொன்னத ஆப் ராத்திரியோட மறந்துடுச்சு, அவ்வளவுதான். இதுல எனக்கு உறுத்துனது என்னன்னா, அவ கேட்ட கேள்வி. தப்பு தன் மேலன்னு நினைச்சுட்டு இருந்தா. நம்ம தொழில்ல நாம பண்ற அட்டூழியத்துக்கு எல்லாம் யூசர் தன்னையே திட்டிக்கிறான் பாருங்க, அதான் நமக்குக் கிடைச்ச பெரிய பாதுகாப்பு.

டேட்டா தீந்ததுக்கு அப்புறம் என்ன ஆகும்? பல பேக்ல வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும். ஆப்பிள் பட்டியல்ல ஆகக் கடைசி வீடியோ அளவே 145 கேபிபிஎஸ். ஆக வீடியோ அவ்வளவுதான், மூட்டை கட்டிடலாம். ஆனா பாடத்தோட ஆடியோ மட்டும் அந்த 64-க்குள்ள தாராளமா அடங்கும். ஒரு காலத்துல ஆப்பிள் இதுக்கு விதியே வச்சிருந்துச்சு, செல்போன் நெட்வொர்க்ல பத்து நிமிஷத்துக்கு மேல ஓடுற வீடியோன்னா 64 கேபிபிஎஸ்-ல வெறும் ஆடியோவாச்சும் ஒரு தடம் இருக்கணும்னு. இன்னிக்கு எத்தனை வீடியோ ஆப்ல குவாலிட்டி மெனுல 'ஆடியோ மட்டும்'னு ஒரு வரி இருக்கு? இந்திய வரலாறு கிளாஸுக்கு வாத்தியார் முகம் எதுக்குங்கறேன்?

நிற்க. ஏன் மறக்குதுங்கற கேள்விக்கு வருவோம். பல ஆப்ல அந்தத் தேர்வு பிளேயருக்குள்ளயே உக்காந்திருக்கு. பிளேயர் செத்தா அதுவும் உடன்கட்டை. ஒரு வீடியோவுக்கு ஒரு பிளேயர்னு எழுதியிருந்தா வீடியோவுக்கு வீடியோ மறந்துடும். இன்னும் சில இடத்துல சேமிக்கிறாங்க, ஆனா எப்படி? 'மூணாவது டிராக்'னு. இன்னிக்குப் பட்டியல்ல மூணாவது 480பி, நாளைக்கு சர்வர்ல இருக்குறவங்க நடுவுல ஒரு அளவ நுழைச்சா மூணாவது வேற ஒண்ணு. எல்லா வீடியோவுக்கும் ஒரே பட்டியல்னு யார் சொன்னது? நெட்ஃபிளிக்ஸ் 2015-லயே படத்துக்குப் படம் தனித்தனியா அளவு போடுற முறைக்கு மாறிடுச்சு. கார்ட்டூனுக்குத் தேவைப்படுற பிட்ரேட் வேற, அடிதடிப் படத்துக்கு வேற. அப்ப 'மூணாவது'ங்கறதுக்கு அர்த்தமே இல்லை.

சரி, '480'ன்னு நம்பராவே சேமிச்சா? அதுலயும் வில்லங்கம் இருக்கு. இந்த வீடியோவுக்கு 360-ம் 540-ம் தான் இருக்குன்னா? 'கிட்டத்துல இருக்குறது'ன்னு எழுதி 540-ஐ எடுக்குற கோடைப் பாத்திருக்கேன். கிட்டத்துலன்னா எந்தப் பக்கம்? பத்து ரூபாய்க்கு சுண்டல் கேட்டவன் கைல பன்னண்டு ரூபாய்க்குக் கட்டிக் குடுத்துட்டு 'கிட்டத்துல தானே'ன்னு சொன்னா விடுவானா? 480-ன்னு சொன்னது உச்சவரம்பு. அதுக்குக் கீழ இருக்குறதுல பெரியதத்தான் எடுக்கணும், அதாவது 360.

அதை விடக் கூத்து, 480-ங்கறத வீடியோவோட உயரமா எடுத்துக்கறது. சினிமாஸ்கோப் படத்த எடுத்துக்குங்க. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையை வெட்டிட்டு என்கோடு பண்ணினா 1080பி-ன்னு நாம சொல்றது நிஜத்துல 1920க்கு 804 மாதிரி தான் இருக்கும். வெறும் உயரத்தப் பாத்தா இது 1080-க்குப் பக்கத்துலயே வராது. இப்ப அப்படியே திருப்புங்க, செங்குத்தா எடுத்த வீடியோ. அதுல 480பி-ன்னா அகலம் 480, உயரம் 854. 'உயரம் 480-க்குள்ள'ன்னு வடிகட்டினா இது விழுந்துடும், அதுக்குக் கீழ இருக்குற 360பி-யும் உயரம் 640, அதுவும் விழுந்துடும். கடைசில 240பி வந்து நிக்கும், யூசர் 'என்னய்யா கலங்கலா இருக்கு'ன்னு கண்ணைக் கசக்குவான். நேரா எடுத்த சாதாரண வீடியோன்னா சின்னப் பக்கத்தப் பாக்கணும், ஸ்கோப் மாதிரி பட்டை வெட்டினதுன்னா பெரிய பக்கத்தையும் சேத்துப் பாக்கணும். ஒரு பத்து வரி வேலை. ஆனா யோசிச்சு எழுதணும்.

இதெல்லாம் பிளேயர் செய்யாதான்னு கேப்பீங்க. கருவி எல்லாம் கைல தான் இருக்கு. ஆண்ட்ராய்டுல கூகுள் 2014-ல திறந்து விட்ட எக்ஸோபிளேயர், இப்ப மீடியா3-க்குள்ள இருக்கு. அதுல அதிகபட்ச அளவு, அதிகபட்ச பிட்ரேட் ரெண்டையும் வரம்பா குடுக்கலாம், வரம்புக்குள்ள ஆட்டோ தன் வேலையைப் பாத்துக்கும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், வரம்புக்குள்ள எதுவுமே இல்லைன்னா வரம்ப மீறி ஓட்டிடறது தான் அதோட இயல்பு நிலை. வேண்டாம்னா நாமதான் அணைக்கணும். ஐஓஎஸ்-ல ஏவிபிளேயர்கிட்ட 'இந்த டிராக்கையே ஓட்டு'ன்னு எச்எல்எஸ்-க்குச் சொல்ல நேர் வழி கிடையாது, உச்சவரம்பு தான் குடுக்க முடியும். பிட்ரேட்டுக்கு ஒண்ணு, 2017-ல ஐஓஎஸ் 11-ல இருந்து அளவுக்கு ஒண்ணு. 2021-ல ஐஓஎஸ் 15-ல, காசு செலவாகுற நெட்வொர்க்குக்குத் தனி உச்சவரம்பே குடுத்துட்டாங்க. அதாவது பிளேயர் எழுதினவங்களே யூசரோட ஆசைய 'வரம்பு'ன்னு தான் புரிஞ்சுக்கிட்டாங்க. மேல உக்காந்து ஆப் எழுதுற நமக்குத்தான் புரியல.

அந்தக் 'காசு செலவாகுற நெட்வொர்க்'ங்கறது தான் எனக்குப் பிடிச்ச சண்டை. அதிகம் போனா ஆப்ல ரெண்டு செட்டிங் குடுப்பாங்க, 'மொபைல் டேட்டால இப்படி, வைஃபைல இப்படி'. வைஃபைன்னா ஓசின்னு ஒரு நினைப்பு. பெங்களூர்ல ஃபைபர் போட்ட ஃபிளாட்ல உக்காந்து எழுதினா அப்படித்தான் தோணும். நம்ம ஊர்ப் பக்கம் வைஃபைன்னா பாதி நேரம் அப்பா போனோட ஹாட்ஸ்பாட். தங்கச்சி டேப்லெட்ல 'வைஃபை கெடச்சாச்சு'ன்னு ஆப் 1080பி-க்குத் தாவும், அப்பாவோட 1.5 ஜிபி அரை மணில ஆவியாகும், அப்பா கத்துவாரு. கேக்க வேண்டிய கேள்வி 'வைஃபையா'ங்கறது இல்ல, 'மீட்டர் ஓடுதா'ங்கறது தான். இதைக் கேக்குறதுக்கு ஆண்ட்ராய்டுல 2012-ல இருந்தே வழி இருக்கு. ஆண்ட்ராய்டு போன்ல இருந்து வர்ற ஹாட்ஸ்பாட்டுல இன்னொரு ஆண்ட்ராய்டு சேந்தா, 'இது மீட்டர் ஓடுற லைன்'னு அந்த போனே குறிப்பு அனுப்பிடும். ஐபோனும் ஹாட்ஸ்பாட்டை அப்படித்தான் குறிச்சு வைக்குது. 2016-ல ஆண்ட்ராய்டு 7-ல டேட்டா சேவர் வந்துச்சு, 2019-ல ஐஓஎஸ் 13-ல லோ டேட்டா மோடு வந்துச்சு. யூசர் போன் முழுசுக்கும் சேத்து 'கொஞ்சமா செலவு பண்ணுங்கடா'ன்னு சொல்லி வச்சிருக்கான். அதக் கேட்டுப் பாக்குற வீடியோ ஆப் எத்தனை? சென்னைல 2013-ல அரசாங்கம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய்னு ரேட் போட்டுக் குடுத்தும் மீட்டரத் துணியால மூடி வச்சிருந்தாங்களே, அதே கதைதான் இங்கயும். மீட்டர் இருக்கு. நாம திரும்பிக்கூடப் பாக்குறதில்ல.

எதிர்க்கட்சி வாதத்தையும் பேசிடுவோம், இல்லைன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க.

"யூசர் ஒரு நாள் 1080பி-ன்னு வச்சுட்டு மறந்துடுவான். அப்புறம் பஸ்ல போகும்போது சுத்திட்டே இருக்குன்னு ஒரு ஸ்டார் குடுப்பான்." நியாயமான வாதம். இதுக்குக் காரணம், ஒரே மெனுவுக்குள்ள ரெண்டு வேற வேற ஆசை ஒளிஞ்சிருக்கு. சித்தி பொண்ணு 360 வச்சது 'இதுக்கு மேல போகாத'ங்கறதுக்கு. அதே பொண்ணு கணக்கு கிளாஸ்ல வாத்தியார் பொடி எழுத்துல பின்னம் எழுதும்போது 720 வைக்கிறா. அது 'இதுக்குக் கீழ இறங்காத, வேணும்னா நின்னு நின்னு ஓடு, நான் காத்திருக்கேன்'ங்கறதுக்கு. முதலாவது உச்சவரம்பு, அவ பர்ஸ் சம்பந்தப்பட்டது, நாளைக்கும் நாளன்னைக்கும் நிக்கணும். ரெண்டாவது அடிவரம்பு, இந்த வீடியோ சம்பந்தப்பட்டது, வீடியோ முடிஞ்சதும் போயிடலாம். ரெண்டையும் ஒரே மாறில, ஒரே நம்பரா வச்சுட்டு, அப்புறம் யூசருக்குக் குழப்பம்னு சொன்னா எப்படி? குழப்பம் நம்ம டேட்டா மாடல்ல. பிரிச்சு வச்சீங்கன்னா பஸ்ல போறவன் பிரச்சினையே வராது. 1080பி உச்சவரம்பு, அதுக்குக் கீழ ஆட்டோ இஷ்டத்துக்கு இறங்கட்டும்.

யூட்யூப் 2021 ஏப்ரல்ல மொபைல் ஆப்ல இந்த மெனுவ மாத்துனது ஞாபகம் இருக்கும். 'ஆட்டோ', 'ஹையர் பிக்சர் குவாலிட்டி', 'டேட்டா சேவர்', அதுக்குக் கீழ 'அட்வான்ஸ்டு'. நம்பர் எல்லாம் அட்வான்ஸ்டுக்குள்ள போயிடுச்சு. அன்னிக்கு எல்லாரும் திட்டினாங்க. நான் பாதிதான் திட்டுவேன். ஆசையைப் பேரா வச்சது நல்ல யோசனை, நான் இப்ப சொன்னதும் கிட்டத்தட்ட அதான். மொபைலுக்குத் தனியா, வைஃபைக்குத் தனியா விருப்பத்தச் சேமிச்சும் வைக்கலாம். ஆனா 'டேட்டா சேவர்'னா எவ்வளவு சேவ்? சொல்ல மாட்டாங்க. நெட்ஃபிளிக்ஸ் இதுல தேவலை, 'லோ'ன்னா மணிக்கு 0.3 ஜிபி வரைக்கும், 'மீடியம்'னா 0.7 ஜிபி வரைக்கும், 'ஹை'ன்னா எச்டி-க்கு 3 ஜிபி வரைக்கும்னு கணக்கு சொல்லுது. அதான் மரியாதை. 480-ஐ விட '0.7 ஜிபி' எங்க சித்திக்கே புரியும். நம்பர் மட்டும் போதும்னும் சொல்ல முடியாது, யூட்யூப் 2023-ல '1080பி பிரீமியம்'னு அதே அளவுக்கு அதிக பிட்ரேட் குடுத்துத் தனியா வித்துச்சே, அப்ப 1080-ங்கற நம்பர் தெளிவுக்கும் உத்தரவாதம் இல்ல, செலவுக்கும் உத்தரவாதம் இல்லைன்னு ஆகிடுச்சு. ஒரு மணிக்கு எத்தனை எம்பின்னு பக்கத்துல போடுறது ஒண்ணுதான் வழி. அந்தப் பட்டியல்லயே பிட்ரேட் இருக்கு, 450-ஆல பெருக்குறதுக்கு எஞ்சினியரிங் டிகிரி வேணுமா?

அடுத்த வாதம். "ரொம்பக் கொஞ்சம் பேர்தான் அந்த செட்டிங்கத் தொடறாங்க, எதுக்கு மெனக்கெடணும்?" வச்சா நிக்காதுன்னு தெரிஞ்ச செட்டிங்க எவன் தொடுவான்? ரெண்டு தடவ வைப்பான், மூணாவது தடவ விட்டுடுவான். அப்புறம் நாம டாஷ்போர்டப் பாத்துட்டு 'யாருக்கும் வேண்டாமாம்'னு முடிவெடுப்போம்.

டாஷ்போர்டுன்னதும் தான் உண்மையான காரணம் ஞாபகம் வருது. வீடியோ டீம்ல அளக்குறது மூணு நாலு விஷயம்தான்: எவ்வளவு சீக்கிரம் ஓட ஆரம்பிச்சுது, எவ்வளவு நேரம் நின்னுச்சு, சராசரி பிட்ரேட் என்ன, எவ்வளவு நேரம் பாத்தாங்க. நல்லாக் கவனிங்க, சராசரி பிட்ரேட் ஏறினா நமக்குப் பாராட்டு. யூசர் 360-ல வச்சு நாலு கிளாஸ் சேத்துப் பாத்தா அந்தக் கிராஃப் இறங்கும். அவனோட சிக்கனம் நம்ம அப்ரைசல்ல ஓட்டை. ஒரு கம்பெனில நானே மீட்டிங்ல உக்காந்து கேட்டது இது: "அடுத்த வெர்ஷன்ல எல்லாரையும் ஆட்டோக்கு ரீசெட் பண்ணிடலாம், மெட்ரிக் நல்லா வரும்." சொன்னவர் கெட்டவர் இல்லீங்க, தங்கமான மனுஷன். அவர் பாத்த கிராஃப்ல அருப்புக்கோட்டை இல்ல. 'யூசர் வச்ச வரம்ப எத்தனை தடவ மீறினோம்'னு ஒரு கோடு அந்த டாஷ்போர்டுல இருந்திருந்தா அந்த வாக்கியமே அவர் வாய்ல வந்திருக்காது.

நெட்வொர்க்கோட நன்மைக்காகக் குறைக்க வேண்டி வந்தா? வந்துச்சே, 2020 மார்ச்ல. ஊரடங்குல ஐரோப்பால நெட்ஃபிளிக்ஸ் பிட்ரேட்டக் குறைச்சு தன் டிராஃபிக்க சுமார் 25 சதவீதம் இறக்குச்சு, இந்தியால வீடியோ கம்பெனிகள் எல்லாம் சேந்து செல்போன் நெட்வொர்க்ல 480பி-க்கு மேல இல்லைன்னு முடிவெடுத்தாங்க, யூட்யூப் உலகம் முழுக்க எஸ்டி-ய இயல்பு நிலையா வச்சுது. எனக்கு அதுல புகார் இல்ல. வெளிப்படையாச் சொன்னாங்க, கெடு சொன்னாங்க. முடியாதத முடியாதுன்னு சொல்றது வேற, தலையாட்டிட்டு உள்ள வேற பண்றது வேற. டிஆர்எம் விஷயமும் அப்படித்தான். வைட்வைன் எல்3 மட்டும் இருக்குற போன்ல பெரிய தளங்கள் பலதுல எச்டி வராது. வராதுன்னு தெரிஞ்சும் அந்த போன் மெனுல 1080பி-ய எதுக்குக் காட்டணும்?

"சரிய்யா, என்னதான் பண்ணச் சொல்ற?"ன்னு கேக்குறவங்களுக்கு. யூசரோட விருப்பத்தப் பிளேயர்ல இருந்து வெளில எடுங்க. தனியா ஒரு இடத்துல, அவன் வார்த்தைலயே வைங்க. மீட்டர் ஓடுற லைன்ல இவ்வளவு, ஓடாத லைன்ல இவ்வளவு, இந்த வீடியோவுக்கு மட்டும் இதுக்குக் கீழ வேண்டாம், அவ்வளவுதான். அப்புறம் ஒரே ஒரு ஃபங்ஷன். இந்த விருப்பம், இப்போதைய நெட்வொர்க், இந்த வீடியோவோட பட்டியல், திரை அளவு, எல்லாம் உள்ள போகும், வரம்பு வெளில வரும். அந்த ஃபங்ஷன் யாரையும் கூப்பிடாது, எதையும் சேமிக்காது. போன் இல்லாமலே ஆயிரம் டெஸ்ட் எழுதலாம், செங்குத்து வீடியோ, ஸ்கோப் படம், ஹாட்ஸ்பாட்னு. சர்வர்ல இருந்து வர்ற கான்ஃபிக் இயல்பு நிலைய மாத்தலாம், யூசர் கையால வச்சத மாத்தக் கூடாது. 'யூசர் வச்சது'ங்கறதையும் 'நாம வச்சது'ங்கறதையும் பிரிச்சு சேமிச்சாத்தான் இது நடக்கும். ரெண்டையும் ஒரே கட்டத்துல எழுதிட்டா, அடுத்த வெர்ஷன்ல எது யாரோடதுன்னு கடவுளுக்கும் தெரியாது.

இத விட முக்கியம், பிளேயர் மட்டும் கேட்டாப் போதாது. ஆப்ல வீடியோ இறக்குறது பிளேயர் மட்டும் இல்லையே. அடுத்த வீடியோவ முன்கூட்டியே இழுத்து வைக்கிறவன் ஒருத்தன், டவுன்லோடு ஒருத்தன், பட்டியல்ல விரல் வச்சாலே ஓடுற முன்னோட்டம் ஒருத்தன், விளம்பரம் ஒருத்தன். யூசர் 360 வச்சிருப்பான், பிளேயர் ஒழுங்கா 360-ல ஓடும், பக்கத்துல இவங்க நாலு பேரும் 720-ல மொண்டு குடிச்சிட்டு இருப்பாங்க. விளம்பரம் எங்க கைல இல்லைன்னு சாக்கு சொல்லாதீங்க, கூகுளோட ஐஎம்ஏ கருவிலயே விளம்பரத்துக்கு பிட்ரேட் குடுக்க வழி இருக்கு. டிவிக்கு அனுப்பும்போது கதை இன்னும் மோசம். டிவில ஓடுறது வேற பிளேயர், போன்ல வச்ச வரம்பு நாம கூடவே அனுப்பினாத்தான் அங்க போய்ச் சேரும்.

மாத்தின உடனே என்ன ஆகணும்ங்கறதையும் யோசிச்சு வைங்க. எக்ஸோபிளேயர் இயல்பா 50 விநாடி வரைக்கும் முன்னால இறக்கி வச்சுக்கும். 3 எம்பிபிஎஸ்-ல அது கிட்டத்தட்ட 19 எம்பி. குவாலிட்டியக் குறைச்ச உடனே அதைத் தூக்கிப் போட்டுட்டு சின்ன அளவுல மறுபடி இறக்குற ஆப் இருக்கு. காசு மிச்சம் பண்ணக் கேட்டவன்கிட்ட ஒரே அம்பது விநாடிக்கு ரெண்டு தடவ வசூல்! குறைக்கும்போது இருக்குறத ஓட்டி முடிங்க, புதுசா வர்றத சின்னதா வாங்குங்க. ஏத்தும்போது மட்டும் தூக்கிப் போடலாம், அவன் தெளிவு வேணும்னு கேட்டிருக்கான், அம்பது விநாடி காக்க வச்சா 'வேலை செய்யல'ன்னு நாலு தடவ அமுக்குவான்.

பி.கு: சித்தி பொண்ணுக்குத் தற்காலிகமா ஒரு வழி சொல்லிக் குடுத்தேன், ராத்திரியே மிச்சம் இருக்குற டேட்டால மறுநாள் கிளாஸ 360-ல டவுன்லோடு பண்ணி வச்சுக்கறது. அந்த ஆப்ல டவுன்லோடு மட்டும் வச்ச குவாலிட்டிய ஞாபகம் வச்சிருக்கு. அதை எழுதினவர் வேற ஆளு போல.

பி.பி.கு: செங்குத்து வீடியோவுக்கு 480பி-ன்னா எந்தப் பக்கம்னு உங்க ஆப் கோடுல என்ன எழுதியிருக்குன்னு நாளைக்கு ஆணி புடுங்கப் போகும்போது ஒரு தடவ தேடிப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, கம்பெனி பேர் வேண்டாம்.